எலுமிச்சம்பழமும் ஒரு மில்லிமீட்டரும்

லண்டன் போய்விட்டு வந்தவனிடம் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, "பிக் பென் பார்த்தியா?"

பார்த்தேன். தூரத்தில், மழையில், டபுள் டெக்கர் பஸ்ஸின் மாடியிலிருந்து.

இரண்டாவது கேள்வி, "மெழுகு பொம்மை மியூசியம்?" டிக்கெட் விலையை ரூபாயில் பெருக்கிப் பார்த்தேன். வாசலோடு திரும்பிவிட்டேன். பி.காம். படித்தவனின் சாபம் அது. கடவுளே நேரில் வந்தாலும் அபிஷேகச் செலவு எவ்வளவு என்று மனசு கணக்குப் போடும்.

ஆனால் நான் அங்கே ஒரு மணி நேரம் கண் கொட்டாமல் பார்த்த காட்சி ஒன்று உண்டு. எந்த டூரிஸ்ட் புத்தகத்திலும் அதற்கு ஒரு வரி கிடையாது. ரயில் பாலத்து வளைவுக்கு அடியில், கிரீஸ் வாடை அடிக்கிற ஒரு பட்டறையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டு, ஒரு மோட்டார் சைக்கிளுக்குப் பரீட்சை நடப்பதைப் பார்த்தேன்.

பரீட்சை எழுதியவர் நம்ம ஊர்க்காரர்தான். பிறந்த இடம், திருவொற்றியூர்!

* * *

2023 செப்டம்பர். பெரியப்பா மகன், எனக்கு அண்ணன் முறை, லண்டனில் ஈஸ்ட் ஹாமில் இருக்கிறார். இரண்டு வாரம் அவர் வீட்டில் டேரா. ஈஸ்ட் ஹாம் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். ஸ்டேஷனை விட்டு இறங்கி ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் நடந்தால் முருங்கைக்காய், வெற்றிலை, இட்லி மாவு, கோலப்பொடி எல்லாம் வரிசையாக வருகிறது. கடை போர்டுகளில் தமிழ். எதிரே வருகிறவர் போனில் தமிழிலேயே யாரையோ திட்டிக்கொண்டு போகிறார். பத்து நிமிஷத்தில் உங்களுக்கு விசா எடுத்த காசு தண்டம் என்று தோன்றிவிடும். குளிர் மட்டும்தான் இங்கிலாந்து.

அண்ணன் வீட்டு வாசலில் நிற்கிறது ஒரு 500 சி.சி. புல்லட். 2009 மாடல். செகண்ட் ஹாண்டில் வாங்கியது. பெரியம்மாவின் உத்தரவுப்படி ஹெட்லைட்டுக்கு முன்னால் எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்துத் தொங்குகிறது.

இந்த வண்டியின் குடும்பக் கதை சுவாரசியமானது. புல்லட்டின் பூர்வீகம் இங்கிலாந்தில் ரெட்டிச் என்கிற ஊர். 1955-ல் அந்தக் கம்பெனி நம்ம மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கைகோத்து, திருவொற்றியூரில் புல்லட் தயாரிக்க ஏற்பாடு ஆனது. 1970 வாக்கில் இங்கிலாந்துக் கம்பெனி படுத்துவிட்டது. திருவொற்றியூர் ஓடிக்கொண்டே இருந்தது. 1977-லிருந்து மெட்ராஸ் புல்லட்டை இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ண ஆரம்பித்துவிட்டார்கள். தாய் வீட்டில் அடுப்பு அணைந்த பிறகு, கட்டிக் கொடுத்த பெண் சீர் அனுப்புகிற கதை.

வெள்ளிக்கிழமை ராத்திரி அண்ணன் சொன்னார்: "நாளைக்கு இவனுக்கு எம்.ஓ.டி. நீயும் வர்றியா?"

"அது என்னண்ணே, மாஸ்டர் செக்கப்பா?"

"அதேதான். ஆனா இது போகலைன்னா வண்டியை ரோட்டுல எடுக்க முடியாது."

* * *

எம்.ஓ.டி. என்றால் மினிஸ்ட்ரி ஆஃப் டிரான்ஸ்போர்ட். 1960-ல் எர்னஸ்ட் மார்ப்பிள்ஸ் என்பவர் அந்தத் துறைக்கு மந்திரியாக இருந்தபோது இந்த டெஸ்ட் ஆரம்பமானது. முதலில் 10 வயசான வண்டிகளுக்கு மட்டும்தான். பிரேக், லைட், ஸ்டியரிங் பார்ப்பார்கள். பார்த்தால், வண்டிகள் கொத்துக் கொத்தாக ஃபெயில்! மந்திரி பயந்துபோய் அடுத்த வருஷமே 10-ஐ 7 ஆக்கினார். 1967-ல் அது 3 ஆனது. 1968-ல் டயரையும் சேர்த்தார்கள். அந்தப் பெயரில் இருந்த அமைச்சகம் 1970-ல் மறைந்துவிட்டது. பெயர் மட்டும் டெஸ்டோடு ஒட்டிக்கொண்டது. கலெக்டர் ஆபீஸ் இடம் மாறிப் போன பிறகும் "பழைய கலெக்டர் ஆபீஸ் ஸ்டாப்" என்று பஸ் கண்டக்டர் சொல்கிற மாதிரி.

வண்டி வாங்கி மூன்று வருஷம் வரை தொல்லை இல்லை. அதற்குப் பிறகு வருஷா வருஷம் டெஸ்ட். மோட்டார் சைக்கிளுக்கு அதிகபட்ச ஃபீஸ் 29 பவுண்டு 65 பென்ஸ். (பெருக்கிவிட்டேன். அன்றைய ரேட்டில் சுமார் 3,050 ரூபாய்.) டெஸ்ட் இல்லாமல் ஓட்டி மாட்டினால் 1,000 பவுண்டு வரை அபராதம். மாட்டுவதற்குப் போலீஸ்காரர் கை நீட்டி நிறுத்தக்கூட வேண்டாம். கேமரா நம்பர் பிளேட்டைப் படித்துச் சொல்லிவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. வண்டிக்கு 40 வயசாகிவிட்டால், அதைப் பெரிதாக மாற்றாமல் வைத்திருந்தால், 2018 மே மாசத்திலிருந்து எம்.ஓ.டி. கட்டாயமில்லை. மனுஷனுக்கு 40-க்கு மேல்தான் சுகர், பிரஷர், ஈ.சி.ஜி. எல்லாம் ஆரம்பம். அங்கே வண்டிக்கு 40-ல் எல்லாவற்றுக்கும் விடுதலை. பழைய வண்டி வைத்திருக்கிறவன் அதைக் குழந்தை மாதிரி பார்த்துக்கொள்வான், ரொம்ப ஓட்டவும் மாட்டான் என்பது அரசாங்கத்தின் கணக்கு.

* * *

பட்டறை வாசலில் நீலப் பலகையில் மூன்று வெள்ளை முக்கோணம். அதுதான் எம்.ஓ.டி. அடையாளம். உள்ளே டெஸ்டர். ஐம்பது வயசு இருக்கும். யாழ்ப்பாணத்துக்காரர். வண்டியைப் பார்த்ததும் முதல் வார்த்தை:

"தம்பி, உந்தத் தேசிக்காயைக் கழட்டுங்கோ. லைட்டை மறைக்குது."

தேசிக்காய் என்றால் எலுமிச்சை. அண்ணன் பயபக்தியுடன் கழற்றி என் கையில் கொடுத்தார். பரீட்சை முடியும் வரை அது என் மடியில்தான் இருந்தது.

டெஸ்ட் நடப்பதை வாடிக்கையாளர் பார்க்கலாம். அதற்கென்று இடம் ஒதுக்க வேண்டும் என்பது அங்கே விதி. பேச்சுக் கொடுத்து டெஸ்டரைத் தொந்தரவு செய்யக் கூடாது. நாங்கள் கண்ணாடிக்குப் பின்னால் பிரசவ வார்டு வாசல் மாதிரி உட்கார்ந்தோம்.

முதலில் ஹாரன். அப்புறம் ஒவ்வொரு லைட்டாக. முன் பிரேக் பிடித்தால் ஸ்டாப் லைட் எரிகிறதா, பின் பிரேக் மிதித்தால் எரிகிறதா, இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தார். ஹெட்லைட்டுக்கு முன்னால் ஒரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று பார்த்தார். எதிரே வருகிறவன் கண்ணில் விழக் கூடாதாம். (நம்ம ஊரில் அது வேறு எங்கேயும் விழுவதில்லை.) முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கி, ஹாண்டில்பாரை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் திருப்பினார். போர்க்கைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினார். சக்கரத்தைச் சுற்றினார். ஸ்போக்ஸ் பார்த்தார். செயினை விரலால் தூக்கினார். ஃபுட் ரெஸ்ட், சைலன்சர், சீட், நம்பர் பிளேட்.

அப்புறம் வண்டியை உருளை மேல் ஏற்றி பிரேக். அதற்கு மார்க் உண்டு. எடையை வைத்துக் கணக்கு. ஒரு பிரேக் குறைந்தது 30 சதவீதம் காட்ட வேண்டும். இன்னொன்று 25. பிளஸ் டூவில் 35-க்குத் தலைகீழாக நின்றவன் நான். 30 எடுத்தால் பாஸ் என்றதும் வண்டி மேல் கொஞ்சம் பொறாமை வந்தது. முன் டிஸ்க் பிரமாதமாகப் பாஸ். பின் டிரம், கிரேஸ் மார்க் வாங்குகிற பையன் மாதிரி திணறிப் பாஸ்.

கடைசியில் டயர். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு கேஜ் எடுத்தார். முன் டயரில் குத்திப் பார்த்தார். தலையாட்டினார். பின் டயரில் குத்திப் பார்த்தார். சக்கரத்தைக் கொஞ்சம் சுற்றி மறுபடி குத்தினார். மறுபடி சுற்றினார். குத்தினார்.

அண்ணன் என் பக்கம் குனிந்து, "இன்னும் ஆயிரம் கிலோமீட்டர் ஓடும்னு நெனச்சேன்டா" என்றார் மெதுவாக.

கண்ணாடிக் கதவு திறந்தது. "தம்பி, ஃபெயில். பின் டயர் காணாது."

* * *

அங்கே மோட்டார் சைக்கிள் டயருக்கு விதி, அகலத்தில் முக்கால் பங்குக்கு, சுற்றளவு முழுக்க, குறைந்தது 1 மில்லிமீட்டர் ஆழம் இருக்க வேண்டும். அவ்வளவுதான். ஒரு மில்லிமீட்டர். எட்டணா காசின் கனம்கூட இல்லை.

"மழையில தண்ணி போறதுக்கு வழி வேணும். வழி இல்லையெண்டால் டயர் ரோட்டைத் தொடாது, தண்ணியைத்தான் தொடும்" என்றார் டெஸ்டர்.

குறைகளை அவர்கள் தரம் பிரித்து எழுதுகிறார்கள். 2018-லிருந்து இந்த ஏற்பாடு. டேஞ்சரஸ், மேஜர் என்றால் ஃபெயில். மைனர் என்றால் பாஸ், ஆனால் சரி பண்ணு. அட்வைசரி என்றால், "இப்போதைக்குப் பரவாயில்லை, கண் வைத்துக்கொள்." டேஞ்சரஸ் என்று எழுதிவிட்டால் சரி பண்ணாமல் அங்கிருந்து ஓட்டிக்கொண்டு போகவே கூடாது.

எனக்கு ஒரு சந்தேகம். "ஏங்க, இன்ஜினை நீங்க பார்க்கவே இல்லையே? கியர், கிளட்ச் எதையும் தொடலையே?"

அவர் கையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "ஓடுறது உங்கட பிரச்னை தம்பி. நிக்கிறதுதான் மற்றவன்ர பிரச்னை."

வாழ்க்கையில் சில வாக்கியங்களுக்குத் தனியாகக் காசு கொடுக்க வேண்டும். இது 29 பவுண்டு 65 பென்ஸிலேயே கிடைத்தது.

அங்கேயே புது டயர் போடச் சொன்னோம். வண்டியை அங்கேயே விட்டுச் சரி பண்ணினால் மறு டெஸ்டுக்குத் தனி ஃபீஸ் கிடையாது. காத்திருக்கும்போது அண்ணன் போனில் ஒரு வித்தை காட்டினார். அரசாங்க வெப்சைட்டில் வண்டி நம்பரைப் போட்டால் ஜாதகமே வருகிறது. 2012-ல் முதல் டெஸ்டிலிருந்து ஒவ்வொரு வருஷமும் பாஸா ஃபெயிலா, எதற்காக ஃபெயில், அன்றைக்கு மீட்டரில் எத்தனை மைல், எல்லாம். யார் வண்டியையும் யாரும் பார்க்கலாம். பழைய வண்டி வாங்கும்போது, "டாக்டர் ஓட்டின வண்டி சார், ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் மட்டும்தான்" என்கிற பஜனை அங்கே செல்லாது. மீட்டரைப் பின்னால் சுற்றிவிட்டாலும் போன வருஷத்து மைல் காட்டிக்கொடுத்துவிடும்.

அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். எனக்குப் பாதி காதில் விழவில்லை. கழற்றிப் போட்டிருந்த பின் டயரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அதைவிட மொட்டையான ஒரு டயரை எனக்குத் தெரியும்.

* * *

2016. ஸ்ரீரங்கத்தில் நானும் நண்பனும் ஒரே ரூம். என்னிடம் அப்பா கொடுத்த 100 சி.சி. பைக், 2003 மாடல். ஆகஸ்டிலேயே மெக்கானிக் சொல்லிவிட்டார்: "சார், பின் டயரை மாத்திருங்க." 1,400 ரூபாய்.

"அடுத்த மாசம் பாத்துக்கலாம்ணே."

செப்டம்பரில் அக்கா வளைகாப்பு. அக்டோபரில் தீபாவளி. நவம்பரில் கையில் இருந்த ஐந்நூறு ரூபாய் நோட்டே செல்லாமல் போய்விட்டது. ஒவ்வொரு மாசத்துக்கும் ஒரு நியாயம். பி.காம்.காரனுக்கு நியாயம் கண்டுபிடிக்கச் சொல்லியா தரவேண்டும்?

டிசம்பர் முதல் வாரம். லேசான தூறல். ஊரிலிருந்து வருகிற அம்மாவை அழைத்து வர, நண்பன் என் வண்டியை எடுத்துக்கொண்டு சத்திரம் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினான். காவிரிப் பாலம் இறங்கும் இடத்தில் முன்னால் போன டவுன் பஸ் நின்றது. பிரேக் பிடித்தான். முன் சக்கரம் நின்றது. பின் சக்கரம் மட்டும் தன் வழியில் போயிற்று.

ஹெல்மெட் போட்டிருந்ததால் தலை தப்பியது. வலது முழங்கால் தப்பவில்லை. பிளேட், ஸ்க்ரூ, மூன்று மாசம் லீவு. இன்றைக்கும் பந்தியில் சம்மணம் போட்டு உட்கார முடியாது. கல்யாண வீடுகளில் டேபிள் பந்தி எப்போது என்று விசாரித்துவிட்டுத்தான் போவான்.

எல்லோரும் எல்லாம் கேட்டார்கள். லைசென்ஸ் இருக்கா? இன்சூரன்ஸ் இருக்கா? ஹெல்மெட் போட்டிருந்தானா? வேகமாகப் போனானா? டயரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அவனும் "மழைடா" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டான். ராத்திரி பகல் ஆஸ்பத்திரிக்கு அலைந்ததற்காக அவன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீ இல்லேன்னா என்ன ஆயிருக்கும் தம்பி" என்று அழுதார்.

அவன் டிஸ்சார்ஜ் ஆகி வருவதற்குள் டயரை மாற்றிவிட்டேன். 1,400 ரூபாய். ஒரே நாளில் புரட்டிவிட்டேன். எப்படியோ முடிந்தது.

* * *

நம்ம ஊரில் டெஸ்டே இல்லையா என்றால், இருக்கிறது. லாரி, பஸ், டாக்ஸி, ஆட்டோ இவற்றுக்கு எஃப்.சி. உண்டு. புது வண்டிக்கு 2 வருஷம், 8 வயது வரை 2 வருஷத்துக்கு ஒரு முறை, அதற்கு மேல் வருஷா வருஷம். ஆனால் நீங்களும் நானும் ஆபீஸ் போகிற சொந்த பைக்குக்கு? 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டப்படி ரிஜிஸ்ட்ரேஷன் 15 வருஷம் செல்லும். அதற்குப் பிறகு வண்டியைக் காட்டி, 5 வருஷத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். நடுவில் புகை சர்டிபிகேட் உண்டு. அது புகையைப் பார்க்கும். பிரேக்கைப் பார்க்காது.

என் வண்டிக்கு 15 முடிந்தது 2018-ல். ஆர்.டி.ஓ. ஆபீசுக்குக் கொண்டுபோனேன். சைடு மிரர் இரண்டும் மெக்கானிக்கிடம் அன்றைக்கு மட்டும் இரவல் வாங்கி மாட்டியவை. கல்யாணத்துக்கு இரவல் நகை போட்டுக்கொண்டு போகிற மாதிரி. இன்ஸ்பெக்டர் ஹாரன் அடிக்கச் சொன்னார், இண்டிகேட்டர் போடச் சொன்னார், சேசிஸ் நம்பரைச் சரிபார்த்தார். முடிந்தது. டயரைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் எனக்கு எவ்வளவு ஆறுதலாக இருந்திருக்கும்! அது நல்ல டயர்.

கணக்குப் படித்தவனாக யோசிக்கிறேன். ஒரு கம்பெனி 15 வருஷம் ஆடிட் இல்லாமல் நடந்தால் அதன் ஷேரை நீங்கள் வாங்குவீர்களா? ஆடிட்டர் வருகிறார் என்றாலே போதும், அக்கவுன்டன்ட் முந்தின வாரமே வவுச்சரைத் தேடி எடுத்துவிடுவார். ஆடிட்டர் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டாம். அவர் வருகிற தேதி தெரிந்தால் போதும். எம்.ஓ.டி. சங்கதியும் அதுதான். பின் டயர் தேய்ந்தது அண்ணனுக்குத் தெரியாதா? தெரியும். எனக்குத் தெரியாதா? மெக்கானிக்கே சொன்னார். தெரியாத குறையால் வண்டி விழுவது குறைவு. தெரிந்தும் 'அடுத்த மாசம்' என்று தள்ளிய குறைதான் ஆளைத் தள்ளுகிறது. அந்த அடுத்த மாசம் கட்டாயம் வந்தே தீரும் என்று ஒரு தேதியைக் குறித்து வைப்பதுதான் அந்த டெஸ்டின் வேலை.

இதை வைத்து, டெஸ்ட் வந்துவிட்டால் விபத்தே இருக்காது என்று நான் சொல்ல வரவில்லை. 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அதில் டூ வீலரில் போனவர்கள் 74,897 பேர். பெரும்பாலான விபத்துக்கு வேகம்தான் காரணம் என்று அரசாங்கக் கணக்கே சொல்கிறது. அண்ணன் புது டயருடன் பாஸ் சர்டிபிகேட் வாங்கும்போது யாழ்ப்பாணத்து டெஸ்டரும் அதையேதான் சொன்னார்: "வண்டி பாஸ். ஓட்டுறவரை நாங்கள் டெஸ்ட் பண்ணுறேல்லை. கவனமாப் போங்கோ."

எலுமிச்சையை அவரே என் மடியிலிருந்து எடுத்து, லைட்டை மறைக்காமல் நம்பர் பிளேட்டுக்குக் கீழே தள்ளிக் கட்டிவிட்டார்.

* * *

திரும்பி வந்ததும் முதல் வேலையாக ஸ்ரீரங்கம் போனேன். நண்பனை டீக்கடைக்கு அழைத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை டயர், மெக்கானிக் சொன்னது, 1,400 ரூபாய், ரகசியமாக மாற்றியது, எல்லாம். சொல்லிவிட்டு கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவன் டீயை ஒரு வாய் குடித்தான். "தெரியும்டா" என்றான்.

"என்னது?"

"வண்டியை எடுக்கறப்பவே பார்த்தேன். சத்திரம் வரைக்கும்தானேன்னு எடுத்துட்டுப் போனேன். உனக்கு அடுத்த மாசம், எனக்கு அஞ்சு கிலோமீட்டர்." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். அப்புறம், "ஏழு வருஷமா இதை வயித்துல வச்சுக்கிட்டா திரிஞ்சே? லூசு. சரி, 1,400 ரூபா, ஏழு வருஷம், 12 பர்சன்ட் கூட்டு வட்டி. கணக்குப் போட்டுக் குடு."

அவனும் பி.காம். போட்டேன். 3,095 ரூபாய் வந்தது. கிட்டத்தட்ட லண்டன் எம்.ஓ.டி. ஃபீஸ்!

அந்த டீக்கடையில்தான் எங்களுக்கு அந்த யோசனை உதித்தது. நமக்கு வருஷத்துக்கு ஒரு தேதி ஏற்கெனவே இருக்கிறதே! எந்தச் சட்டமும் போடாமல், எந்த அபராதமும் இல்லாமல், தமிழ்நாட்டில் அத்தனை பேரும் வண்டியைத் துடைத்துக் கழுவி நிறுத்துகிற நாள். ஆயுத பூஜை. சந்தனம், குங்குமம், மாலை, ஹாண்டில்பாரில் வாழைக்கன்று. டயருக்கு அடியில் எலுமிச்சை வைத்து நசுக்குகிறோம். 2016 அக்டோபர் 10-ம் தேதி, ஆயுத பூஜை அன்று, அந்த மொட்டை டயருக்கு அடியில் என் கையாலேயே எலுமிச்சை வைத்தவன் நான். குனிந்து, டயரிலிருந்து ஒரு ஜாண் தூரத்தில் முகத்தை வைத்துக்கொண்டு, பழம் உருளாமல் சரியாக நிற்கிறதா என்று மட்டும் பார்த்தேன்.

அன்றைக்குப் பத்து நிமிஷம் போதும் சார். மெக்கானிக் படிப்பு வேண்டாம்.

டயரின் பக்கவாட்டில் சின்னதாக முக்கோணமோ டி.டபிள்யூ.ஐ. என்ற எழுத்தோ இருக்கும். அதற்கு நேரே மேலே, பள்ளத்துக்குள் ஒரு மேடு தெரியும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகிவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. சென்டர் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருத்தரை அழுத்தச் சொல்லி, முன் சக்கரம் தரையை விட்டு எழுந்ததும் ஹாண்டில்பாரைத் திருப்புங்கள். நடுவில் எங்கேயாவது சிக்கினால் பேரிங் போய்விட்டது. போர்க்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 'டொக்' சத்தம் வரக் கூடாது. வண்டியை உருட்டி, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். ராத்திரியில் சுவரைப் பார்த்து நிறுத்தி, இரண்டு பிரேக்குக்கும் ஸ்டாப் லைட் எரிகிறதா பாருங்கள். செயின் தொளதொளவென்று தொங்கினால் இறுக்கச் சொல்லுங்கள். என்ன குறை என்று ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். எழுதிவிட்டால் 'அடுத்த மாசம்' என்று சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கும்.

* * *

2023 அக்டோபர் 23, ஆயுத பூஜை. காலை ஏழு மணிக்கு நண்பன் வீட்டுக்கு வந்துவிட்டான். கையில் டார்ச் லைட், 40 பக்க நோட்டு. காதில் பென்சில். அசல் இன்ஸ்பெக்டர் தோரணை. "வாடிக்கையாளர் தள்ளி உட்காரவும். டெஸ்டரிடம் பேசக் கூடாது" என்றான்.

டயர் பாஸ். ஹாண்டில்பார் பாஸ். செயின், அட்வைசரி. பின் பிரேக்கை மிதித்தபோது ஸ்டாப் லைட் எரியவில்லை. நோட்டில் கொட்டை எழுத்தில் 'ஃபெயில்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, என் முகத்துக்கு நேரே நீட்டினான். சின்ன பல்பு, இருபது ரூபாய். பொரி, சுண்டல் கொடுத்துக்கொண்டிருந்த மெக்கானிக் பூஜையை நிறுத்திவிட்டு மாட்டிக்கொடுத்தார்.

அப்புறம் பூஜை. சந்தனம் வைத்தோம். கற்பூரம் காட்டினோம். எலுமிச்சம்பழத்தை எடுத்துக்கொண்டு அவன் பின் டயர் பக்கம் குனிந்தான். வலது முழங்கால் பாதிக்கு மேல் மடங்கவில்லை. நிமிர்ந்து, ஒன்றும் சொல்லாமல் பழத்தை என்னிடம் நீட்டினான்.

வாங்கிக்கொண்டு நான் குனிந்தேன். பழத்தை வைப்பதற்கு முன்னால், டயரை ஒரு முறை விரலால் தடவிப் பார்த்தேன்.